முதுகை யார் பார்க்கிறார்கள்?

(உலக வெண்புள்ளி தினத்தையொட்டி, குன்னூரில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு பெயரைத் தள்ளி வைத்துவிடுவோம். வெண்குஷ்டம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது கிருமியால் வருவதல்ல, தொட்டால் தொற்றாது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாக அழித்துவிடுகிறது. அழிந்த இடம் வெளுக்கிறது. அதற்குப் பெயர் வெண்புள்ளி.

நான் இன்று மருந்துகளைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு மருந்து வேலை செய்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம், அதைப் பற்றிப் பேச வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். முதுகு, வயிறு, முழங்கால், விரல்நுனி எல்லாம் வெளுத்திருந்தது. ஒளி சிகிச்சையும் களிம்புமாக ஒன்பது மாதம் ஆனது. நாங்கள் அளக்கும் முறை எளிது. விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை ஒன்று, உடம்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அவருடைய கையளவில் எத்தனை கை வெளுத்திருக்கிறது என்று கணக்கிட்டேன். தொடக்கத்தில் பன்னிரண்டு. அன்றைக்கு ஐந்து. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சார்ட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவர் சார்ட்டைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார். "டாக்டரம்மா, முதுகை யாரு பாக்கிறாங்க? கடையில காசு நீட்டுறப்போ இதத்தானே பாக்கிறாங்க?" என்றார். விரல்நுனிகள் பத்தும் சுண்ணாம்பில் தொட்டெடுத்ததுபோல் அப்படியே இருந்தன.

விரல்நுனி ஏன் பிடிவாதம் பிடிக்கிறது தெரியுமா? நிறம் திரும்புவது பெரும்பாலும் முடியின் வேரிலிருந்துதான். அழிவுக்குத் தப்பிய செல்கள் அங்கே ஒளிந்திருக்கும். சிகிச்சை பலித்தால் வெள்ளைத் திட்டுக்குள் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் கடுகளவு பழுப்புப் புள்ளி எழும்பும். புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று சேரும். விரல்நுனியிலும் உதட்டிலும் முடி கிடையாது. ஆகவே கூட்டுத்தொகை நன்றாக இறங்கியிருந்தும் அந்த அக்காவுக்கு எதுவும் மாறவில்லை. என் அளவும் பொய்யில்லை, அவர் சொன்னதும் பொய்யில்லை. நான் அளந்தது வேறு, அவர் கேட்டது வேறு.

இது என் ஒருத்தியின் மேஜையில் மட்டும் நடந்ததல்ல. வெண்புள்ளிக்கான மருத்துவ ஆய்வுகள் 54-ஐ 2012-இல் ஒரு குழு எடுத்துப் பார்த்தது. நிறம் திரும்பியதை அளக்க மட்டுமே அவற்றில் 48 விதமான அளவுகோல்கள்! ஓர் ஆய்வில் பாதி திரும்பினால் வெற்றி, இன்னொன்றில் முக்கால். வேறொன்றில் 'நன்று', 'மிக நன்று'. இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஷெட்டில் பச்சை இலையைக் கிலோவில் நிறுத்து, அடுத்த ஷெட்டில் கூடையில் எண்ணி, மூன்றாவது ஷெட்டில் கண்ணால் பார்த்து 'பரவாயில்லை' என்று எழுதினால், சீசன் முடிவில் மூன்றையும் எப்படிக் கூட்டுவது? அத்தனை நோயாளிகள் உடம்பைக் கொடுத்தும், எந்த சிகிச்சை மேல் என்று சேர்த்துப் பார்க்க வழியில்லாமல் போனது.

அளவுகோலே இல்லாமலில்லை. நான் சொன்ன உள்ளங்கைக் கணக்கில், ஒவ்வொரு திட்டும் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதையும் பெருக்கினால் அதுதான் 2004-இல் வந்த 'வாசி' (VASI) என்ற மதிப்பெண். இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. சிகிச்சைக்கு முந்தைய போட்டோவை நோயாளி கையில் கொடுத்து, இப்போது எப்படித் தெரிகிறது என்று அவரையே கேட்பது. 'முன்னைவிட அதிகமாகத் தெரிகிறது' தொடங்கி 'இப்போது தெரியவே இல்லை' வரை ஐந்து பதில்கள். பிரிட்டனில் 517 பேரை வைத்து நடத்திய ஆய்வில், மருத்துவரின் கணக்கை ஓரமாக வைத்து இந்தப் பதிலையே முதன்மை அளவாக எடுத்தார்கள். ஒன்பது மாதத்தில், வீட்டிலேயே புற ஊதாக் கதிர் தரும் கைவிளக்கால் எடுக்கும் ஒளி சிகிச்சையையும் களிம்பையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் நூற்றுக்கு 27 பேர் வெற்றி என்றார்கள், களிம்பு மட்டும் போட்டவர்களில் 17 பேர். சிகிச்சையை நிறுத்திய பிறகு பலருக்கு வந்த நிறம் போய்விட்டது. இதையும் அந்த ஆய்வு மறைக்காமல் எழுதியது.

2015-இல் நோயாளிகள், மருத்துவர்கள், ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்த ஆய்வானாலும் மூன்றைக் கட்டாயம் அளக்க வேண்டும். நிறம் எவ்வளவு திரும்பியது, வந்த நிறம் நிலைத்ததா, பக்கவிளைவு என்ன. பார்வைக்கு ஏற்கும்படி இருக்கிறதா, வாழ்க்கைத்தரம், பரவல் நின்றதா, சிகிச்சையின் சுமை ஆகியவற்றை அளந்தால் நல்லது என்று அடுத்த வரிசையில் வைத்தார்கள்.

கடைசியாகச் சொன்ன சுமையை அடுத்த வரிசையில் வைத்ததில்தான் எனக்கு மனத்தாங்கல். ஒளி சிகிச்சை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில். அதற்காகக் கோவைக்கு இறங்கி ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி வீடு சேர்வதற்குள் ஒருநாள் கூலி போய்விடும். பாதியில் நின்றவர்களைப் பற்றி 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடுகிறோம். சுமை என்பது மலையில் இருப்பவர்களுக்கு அடுத்த வரிசை விஷயம் இல்லை. அதுவும் கட்டாய வரிசையில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே உங்களில் யாரையாவது ஓர் ஆய்வில் சேரச் சொன்னால், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். எந்த இடத்தை அளப்பீர்கள், எத்தனை மாதம் பின்தொடர்வீர்கள், என்னை என்ன கேட்பீர்கள்? கேட்பது உங்கள் உரிமை.

அந்த அக்கா இப்போதும் வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல் பக்கம் கைகளை வைத்து போட்டோ எடுக்கிறோம். போன தடவை மணிக்கட்டுக்கு மேலே மூன்று பழுப்புப் புள்ளிகள் இருந்தன. விரல்நுனி அப்படியேதான் இருந்தது. இரண்டையும் அட்டையில் எழுதினேன். மூன்றாவதாக ஒரு வரியை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: "வந்து போக நாலு பஸ்."