சுவரோரக் காற்றின் சேட்டை

அவையோருக்கு வணக்கம். 'பிளேடு வரிசைகளில் துணைப் பாய்வு' என்ற தலைப்பைப் பார்த்ததும் சிலர் கடைசி வரிசைக்குப் போய்விட்டது தெரிகிறது. பரவாயில்லை, இன்று சமன்பாடு எதுவும் கிடையாது. துணைப் பாய்வு என்றால், முதன்மை ஓட்டத்துக்குக் குறுக்கே கிளம்பும் ஓட்டம், அவ்வளவுதான். ஆற்றிலிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளம் வடிந்தபின் பாலத்தூணின் அடியைப் பார்த்திருப்பீர்கள். மணல் அரித்துப் பிறைபோல ஒரு பள்ளம் கிடக்கும். தூணில் முட்டி நிற்கும் நீரின் வேகம் அழுத்தமாக மாறுகிறது. மேலே வேகம் அதிகம், அதனால் அழுத்தமும் அதிகம். தரையோரம் இரண்டும் குறைவு. ஆகவே நீர் தூணின் முகத்தில் கீழ்நோக்கி இறங்கி, தரையில் மோதிச் சுருள்கிறது. அந்தச் சுருளின் இரு முனைகளையும் ஓட்டம் தூணின் இருபுறமும் இழுத்துப் போகிறது. மேலிருந்து பார்த்தால் லாடம். பெயரும் அதுதான்: குதிரை லாடச் சுழி.

அடுத்தது ஆற்று வளைவு. திரும்பும் நீர் வெளிக்கரையை நெருக்குவதால் அங்கே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் மேலே ஓடும் வேகமான நீரைத் திருப்பும் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அடியில் மெதுவாகப் போகும் நீரும் அதே அழுத்தத்துக்கு ஆளாகிறது. வேகமில்லாததால் அது தேவைக்கு மேல் திரும்பி, மணலையும் அள்ளிக்கொண்டு உட்கரைக்கு நகர்கிறது. ஆறுகள் வளைந்து நெளிவதற்கு இதைக் காரணமாகச் சொல்லி 1926-இல் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரை எழுதினார். கலக்கிய கோப்பையில் தேயிலைத் துகள்கள் நடுவில் சேர்வதைத்தான் அதில் உதாரணம் காட்டினார்.

சரி, வளைவுக்குள்ளேயே தூணையும் நட்டுவிட்டால்? அதுதான் டர்பைன், அதாவது பாயும் வாயு பிளேடுகளைத் தள்ளிச் சுழற்றும் எந்திரம். பக்கத்துப் பக்கத்துப் பிளேடுகளுக்கு இடையிலுள்ள வழியில் வாயு 100 பாகைக்கு மேல்கூடத் திரும்பும். ஒரு பிளேடின் குழிந்த பக்கத்தில் அழுத்தம் அதிகம், எதிரே அடுத்த பிளேடின் புடைத்த பக்கத்தில் குறைவு. பிளேடு நிற்கும் சுவரை ஒட்டிய மெதுவான படலம் இந்த வேறுபாட்டைத் தாங்க முடியாமல் குறுக்கே ஓடுகிறது. லாடச் சுழியின் ஒரு கால் அதோடு சேர்ந்து, வழியை நிறைக்கும் பெரிய சுழியாகிறது. மறுகால் எதிர்த்திசையில் சுழன்றபடி, புடைத்த பக்கத்தின் ஓரமாகச் சிறிதாகத் தொடர்கிறது. 1977-இல் ஆய்வாளர் லாங்ஸ்டனும் உடன் ஆய்ந்தவர்களும் பெரிய அளவில் செய்த பிளேடு வரிசை ஒன்றில் இந்தக் காட்சியை விரிவாக அளந்து காட்டினார்கள்.

'சுவரை நன்றாக வழவழப்பாக்கினால் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. எவ்வளவு மெருகேற்றினாலும் சுவரைத் தொடும் வாயுவின் வேகம் பூஜ்யம்தான்.

இந்தச் சுழியால் என்ன நட்டம்? டர்பைனின் மொத்த இழப்பைப் பிளேடின் மேற்பரப்பு, பக்கச்சுவர், நுனிக் கசிவு (பிளேடு நுனியின் இடைவெளியில் நழுவும் வாயு) என மூன்றாகப் பிரித்தால், பல எந்திரங்களில் மூன்றும் ஏறக்குறையச் சமம் என்று 1993-இல் ஆய்வாளர் டென்டன் எழுதினார். பிளேடு குட்டையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரு சுவர்களிலிருந்தும் கிளம்பும் சுழிகள் நடுப்பகுதியையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த வரிசைக்கும் வாயு தவறான கோணத்தில் போய்ச் சேரும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வெப்பம். விமான எந்திரத்தின் முதல் டர்பைனில் வாயுவின் வெப்பநிலை உலோகத்தின் உருகுநிலையைத் தாண்டும். அதனால் சுவரில் துளைகள் வழியே குளிர்ந்த காற்றைப் போர்வைபோலப் பரப்புகிறார்கள். குறுக்கோட்டம் அந்தப் போர்வையைப் புடைத்த பக்கத்துக்கு இழுத்துவிடும். குழிந்த பக்கத்தின் மூலை வெறுமையாக வெந்துகொண்டிருக்கும்.

மருந்து உண்டா? பிளேடைச் சாய்க்கிறார்கள், வளைக்கிறார்கள். எனக்குப் பிடித்தது சுவரையே மேடுபள்ளமாக்குவது. குழிந்த பக்கத்தருகே மேடு வைத்தால் வாயு வேகமெடுத்து அழுத்தம் குறையும். எதிர்ப்பக்கம் பள்ளம் வைத்தால் அழுத்தம் கூடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுருங்க, குறுக்கோட்டம் தளரும். சுழி ஒழியாது, மெலியும். எந்திரத்தின் திறனில் கிடைக்கும் உயர்வு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் எந்திரம் ஓடும் ஆண்டுகள் முழுக்க எரிபொருளில் அது மிச்சமாகும்.

மேசைமேல் ஒரு தகடு வைத்திருக்கிறேன். எண்ணெயில் வெண்பொடி குழைத்துப் பூசி, காற்றுச் சுரங்கத்தில் ஓட்டி எடுத்தது. பிளேடின் முன்னால் கோடுகள் தயங்கி இரண்டாகப் பிரிவதும், அப்புறம் ஒரு கூட்டம் குறுக்கே ஓடுவதும் தெரியும். முடிந்ததும் வந்து பாருங்கள். கை மட்டும் வைக்காதீர்கள், எண்ணெய் இன்னும் காயவில்லை.