தொடைக்குத்தானே, அக்கா?

நேயர்களுக்கு வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள் நான். என் கையால் நடக்கவிருந்த ஒரு பிழையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓர் இரவு குச்சவெளிப் பக்கமிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இறால் சாப்பிட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. “அட்ரினலின்!” என்றார் டொக்டர். மருந்தை உடைத்து, ஒரு மில்லிலீட்டரையும் முழுதாகச் சிரிஞ்சில் இழுத்தேன். நோயாளியின் கையில், நாளம் வழியாக மருந்து ஏற்றும் கனியூலா குழாய் போட்டிருந்தது. அதைப் பிடிக்கப் போனபோது பக்கத்தில் நின்ற இளம் தாதி கேட்டாள்: “தொடைக்குத்தானே, அக்கா? அரைதானே?”

என் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சின்னக் குப்பியின் ஒரு மில்லிலீட்டரில் இருப்பது 1 மில்லிகிராம். இதயம் நின்றுபோனவருக்கு அவ்வளவையும் நாளத்தில் ஏற்றுவோம். ஒவ்வாமையில் மூச்சு முட்டும் பெரியவருக்கோ 0.5 மில்லிகிராம், அதுவும் தொடைத் தசையில். துடித்துக்கொண்டிருக்கிற இதயத்துக்கு முழு அளவையும் நாளம் வழியாக ஒரேயடியாக ஏற்றினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். சற்று முன்தான் இதயம் நின்ற ஒருவருக்கு இதே மருந்தை ஏற்றிவிட்டு வந்திருந்தேன். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது. கவனமில்லாதவர்கள்தான் பிழை விடுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

அன்றிலிருந்து மருந்தின் பெயர், அளவு, ஏற்றும் வழி மூன்றையும் டொக்டரிடம் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லாமல் நான் ஊசி போட்டதில்லை. சிலருக்கு எரிச்சல் வந்தது. வரட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் பயம். அவர்களுக்கு எடையைப் பார்த்துத்தான் மருந்து. 10 கிலோ பிள்ளைக்கு அதே அட்ரினலின் 0.1 மில்லிலீட்டர்தான். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. “எத்தனை கிலோ?” என்று கேட்டால் பதறிப்போய் நிற்கும் தாய்க்கு வாயில் எதுவும் வராது. பிள்ளையின் கிளினிக் அட்டை கையில் இருந்தால் அதுவே பதில் சொல்லும். காய்ச்சலுக்கு வீட்டில் பனடோல் பாணி கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லுங்கள். பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றுதான். தெரியாமல் இரண்டாம் தரம் கொடுத்துவிடக் கூடாது.

பெரியவர்களிடம் என்ன குளிசை என்று கேட்டால், “வெள்ளைக் குளிசை, மகள்” என்பார்கள். எத்தனை வெள்ளைக் குளிசைகள் இருக்கின்றன! எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் டொக்டர் சிங்களத்தில் கேட்பார், ஐயா தமிழில் சொல்வார், நடுவில் யாராவது மொழிபெயர்ப்பார். அந்தச் சுற்றில் மருந்தின் பெயர் தொலைந்துவிடும். கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தால் தொலையாது.

விழுந்து தலையில் அடிபட்ட ஒரு முதியவரை மூதூரிலிருந்து கொண்டு வந்தார்கள். கூட வந்த பேரன் சட்டைக்குள்ளிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினான். அதில் வார்ஃபரின் என்று இருந்தது, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அதைப் பார்த்ததும் டொக்டர் வேறு கேள்வி கேட்கவில்லை, ஸ்கானுக்கு அனுப்பினார்.

உங்கள் வீட்டில் அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருந்தால் கொப்பியின் அட்டையில் பெரிதாக எழுதி, கதவடியில் தொங்கவிடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வந்து நிற்கும்போது அலுமாரியைத் திறந்து தேட நேரம் இருக்காது.