பன்னிரண்டாம் தளத்தில் பிள்ளை, ஐந்தாம் தளத்தில் அப்பா

நடுவர் அவர்களுக்கும், மேடைக்கு நான் வந்ததிலிருந்து முறைத்துக்கொண்டே இருக்கும் எதிரணிக்கும், விடுமுறை நாள் மாலையை எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழ் உறவுகளுக்கும் என் வணக்கம்.

குடும்பமாகச் சொகுசுக் கப்பலில் போகும்போது, குழந்தைகளுக்கென்று தனியாக நடத்துகிறார்களே கிட்ஸ் க்ளப், விளையாட்டு, கைவேலை, ஆட்டம் பாட்டம், இவையெல்லாம் குடும்பத்தைச் சேர்க்கின்றனவா, பிரிக்கின்றனவா? இதுதான் இன்றைய தலைப்பு. சேர்க்கின்றன என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "காசைக் கொட்டிக் குடும்பத்தோடு கப்பல் ஏறுகிறோம். ஏறினதும் பிள்ளையைப் பன்னிரண்டாம் தளத்தில் ஒப்படைத்துவிட்டு அப்பா ஐந்தாம் தளத்தில் காசினோ வாசலில் நிற்கிறார். அம்மா ஸ்பாவில் படுத்துக்கொள்கிறார். இதுவா குடும்பப் பயணம்?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

ஆனால் அண்ணே, கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? பிள்ளைக்குப் பள்ளி, பள்ளி முடிந்தால் துணைப்பாடம், சனிக்கிழமை நீச்சல். அப்பா வீடு திரும்புவது எட்டரைக்கு. பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா பணிப்பெண்ணைப் பார்ப்பார். பிரிவு நடந்தது வீவக அடுக்குமாடி வீட்டில், பழி விழுவது கப்பல் மேலா?

சரி, அண்ணன் ஆசைப்படுவது போலவே செய்வோம். கிட்ஸ் க்ளப்பே வேண்டாம், நாலு பேரும் நாள் முழுக்க ஒன்றாகவே இருப்போம். எங்கே இருப்பது? கப்பலில் ஜன்னல் இல்லாத சாதாரண கேபின் என்பது 150 முதல் 180 சதுர அடி. அதில் ஒரு கட்டில். இரவானால் சுவரிலிருந்தும் மேற்கூரையிலிருந்தும் இரண்டு படுக்கைகளை இறக்கி விடுவார்கள். அதற்கப்புறம் குளியலறைக்குப் போக வேண்டும் என்றால் ஒருவர் கட்டில் மேல் ஏறி நின்று வழி விட வேண்டும். தலை துவட்டினால் முழங்கை சுவரில் இடிக்கும். அண்ணன் குறட்டை விட்டால் அது கேபின் முழுக்கக் கேட்கும். அந்த இடத்தில் ஏழு வயதுப் பையனையும் ஐந்து வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஒற்றுமையாக இருந்து காட்டுங்கள், நான் இந்த மேடையிலிருந்து இப்போதே இறங்கிவிடுகிறேன்.

எதிரணிக்கு ஒரு தகவல். ராயல் கரீபியன் கப்பல்களில் இந்தக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு 'அட்வென்ச்சர் ஓஷன்' என்று பெயர். கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாளில் அதன் வழக்கமான நேரம் காலை 9 முதல் 12 வரை, பிறகு 2 முதல் 5 வரை, அப்புறம் இரவு 7 முதல் 10 வரை. நடுவில் என்ன இருக்கிறது? மத்தியானச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு. அந்த இரண்டு வேளைக்கும் க்ளப் கதவை மூடிவிட்டு, "உங்கள் பிள்ளை, நீங்களே சோறு ஊட்டுங்கள்" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். இரவு பத்துக்கு மேல் விட்டுவைத்தால் மணிக்கணக்கில் கட்டணம். அந்தக் கட்டணமே, போதும், வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்கிற மாதிரிதான். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நர்சரி தனி, அதற்கும் மணிக்கு இவ்வளவு என்று காசு. ஆகவே யாரும் பிள்ளையைத் தள்ளிவிட்டு விடிய விடிய ஊர் சுற்ற முடியாது. சுற்றினால் கடைசி நாள் பில் சொல்லிவிடும்.

இன்னொரு நண்பர் எழுந்து, "சில கப்பல்களில் சாப்பாட்டு மேசைக்கே ஆள் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறார்களே" என்றார். உண்மைதான். டிஸ்னி கப்பல்களில் இரண்டாவது பந்தியில் உட்காருகிற குடும்பங்களுக்கு அந்த வசதி உண்டு. பிள்ளைக்கு முதலிலேயே பரிமாறிவிட்டு, அவன் சாப்பிட்டு முடித்ததும் விளையாட அழைத்துப் போவார்கள். நண்பரே, ராத்திரி எட்டேகால் மணிப் பந்தியில் நாலு வகை உணவு ஒவ்வொன்றாக வரும். மூன்றாவது வகை வருவதற்குள் ஆறு வயதுப் பிள்ளை மேசைக்கு அடியில் போய்விடும். அதை இழுத்து மேலே உட்கார வைத்து, "ஒழுங்கா உக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற முகம் எந்த அம்மாவுக்கும் அழகில்லை. முதல் அரை மணி சிரித்துப் பேசிச் சாப்பிட்டான், பிறகு அவன் வயதுப் பிள்ளைகளோடு போனான். இதில் பிரிந்தது எது?

இந்த க்ளப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே பலர் பேசுகிறார்கள். வாசலில் பெற்றோர் கையெழுத்து. யார் கூட்டிப் போகலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கடலைக்கு ஒவ்வாமை இருக்கிறதா, மருந்து உண்டா, எல்லாம் கேட்பார்கள். மணிக்கட்டில் பட்டை. டிஸ்னி க்ளப்பில் உள்ளே நுழையும் இடத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. இரண்டு கையையும் உள்ளே விட்டால் அதுவே கழுவி விடும். (என் வீட்டு வாசலிலும் ஒன்று வேண்டும், விலைதான் விசாரிக்கவில்லை.) வயது வாரியாகக் குழு பிரிப்பார்கள். டயப்பரை விடாத பிள்ளைக்குப் பெரிய குழுவில் இடமில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு சின்னவன், எத்தனை மாதம் கெஞ்சியும் கேட்காதவன், அக்காவோடு க்ளப்புக்குப் போகலாம் என்றதும் டிக்கெட் போட்ட வாரமே கழிப்பறைக்கு ஓடினான்.

அப்புறம் அந்தப் பிள்ளை வெளியே வரும்போது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மகள் முதல் நாள் மத்தியானம் முழங்கை வரை பச்சைப் பசை அப்பிக்கொண்டு வந்தாள். பஃபேயில் தட்டைக்கூட எடுக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள். பசையில் எதைக் கலந்தால் கெட்டியாகும், பக்கத்தில் இருந்த பெர்த் ஊர்ப் பிள்ளை ஏன் அழுதது, கடற்கொள்ளையர் ராத்திரிக்கு யார் யார் என்ன வேஷம், நடத்துகிற அக்கா பிலிப்பீன்ஸ், அவருக்கும் இவளைப் போலவே ஒரு தம்பி. என் வீட்டுக்காரர் கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளி முடிந்து வரும் பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் நமக்குக் கிடைக்கும் பதில் "ஒன்றுமில்லை". அதே பிள்ளைதான் இது! நாள் முழுக்க நம் பக்கத்திலேயே இருந்திருந்தால் நமக்குச் சொல்ல அவளிடம் என்ன இருக்கும்? நாம் பார்த்ததைத்தானே அவளும் பார்த்திருப்பாள்? ஆளுக்கு ஒரு மூலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து உட்காருகிற மேசையில்தான் பேச்சு பிறக்கிறது. என் அணியின் வாதமே இதுதான் ஐயா.

அடுத்தது ரஜூலா. எதிரணி அக்கா கண் கலங்கச் சொன்னார். "நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். அப்போது ஏது கிட்ஸ் க்ளப்? பிள்ளைகள் தாய் மடியிலேயே இருந்தார்கள்." அக்கா, ரஜூலா 1926இல் கட்டிய கப்பல். ஆரம்ப காலத்தில் கேபின் இல்லாமல் தளத்திலேயே பாய் விரித்து வரும் டெக் பயணிகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் பிள்ளை மடியில் இருந்தது பாசத்தால் மட்டுமா? காலை நீட்ட இடமில்லை! எங்கள் அப்பத்தா அந்தக் கப்பலில் சிறுமியாக வந்தவர். பாயை விரித்த கொஞ்ச நேரத்திலேயே பக்கத்துப் பாய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து கயிற்றுச் சுருளைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடப் போய்விட்டதாகத்தான் சொல்லுவார். அவருடைய அம்மா தலைசுற்றலில் படுத்துவிட்டாராம், பார்த்துக்கொண்டது யாரோ ஒரு தஞ்சாவூர்க்காரம்மா. அதுவும் கிட்ஸ் க்ளப்தான் அக்கா. கையெழுத்துப் புத்தகமும் மணிக்கட்டுப் பட்டையும் மட்டும் இல்லை.

வெள்ளைக்காரன் கப்பலில் மட்டும் குடும்பம் கொஞ்சிக் குலாவியதா? 1912இல் டைட்டானிக்கில் உடற்பயிற்சிக் கூடத்தைக் குழந்தைகள் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கிய நேரம் பகல் 1 முதல் 3 வரை. அவ்வளவுதான். 1935இல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குச் சாப்பாட்டு அறையே தனி. சுவர் முழுக்க யானைப் படம், பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அப்பா அம்மாவோடு ஒரே மேசை என்பது அங்கே வழக்கமில்லை. 1998இல் டிஸ்னி மேஜிக் கப்பலில் ஏறத்தாழ ஒரு தளத்தையே பிள்ளைகளுக்கு விட்டார்கள். 2024இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 'சர்ஃப்சைட்' என்று ஒரு பகுதி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் இடம், ராட்டினம், பெரியவர்கள் உட்காரும் இடம், சாப்பிடும் இடம் எல்லாம் ஒட்டி ஒட்டி. பெற்றோர் பிள்ளையைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ளத்தான் விரும்புகிறார்கள் என்பது கப்பல் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. எதிரணிக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள், முக்கியமான ஒருவரைப் பற்றி இன்னும் பேசவில்லை. பாட்டி.

நம் வீடுகளில் கப்பல் டிக்கெட் போடும்போது, "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவோம், பாவம், எங்கேயும் போனதில்லை" என்போம். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! கப்பலில் ஏறினதும் பாருங்கள். மகனும் மருமகளும் நாடகம் பார்க்கப் போவார்கள், பாட்டி கேபினில் பேரனோடு. அவர்கள் பினாங்கில் இறங்கிச் சுற்றுவார்கள், "வெயில் அதிகம், நீங்க பிள்ளையோட இருங்கம்மா." அவருக்கும் முழு டிக்கெட்தான் வாங்கியிருக்கிறோம், ஆனால் அவர் பார்த்த கடல் கேபின் தொலைக்காட்சியில் காட்டிய கடல். கிட்ஸ் க்ளப்பில் பேரனை விட்ட ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். மேல் தளத்தில் நாற்காலி போட்டு, சேலைத் தலைப்பைக் காற்றில் பறக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, மருமகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார். இருவரும் கலகலவென்று சிரித்தார்கள். மாமியாரையும் மருமகளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரிக்க வைத்த நிகழ்ச்சியைப் போய் 'பிரிக்கிறது' என்கிறீர்களே, வாய் வருகிறதா உங்களுக்கு?

பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கான இடத்தில் அவர்களே வரலாம், போகலாம். கேபினில் போர்வைக்குள் போனைப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

"ஆபத்து, ஆபத்து" என்று அண்ணன் பயமுறுத்தினார். ஆபத்து எங்கே இருக்கிறது? ராயல் கரீபியன், நார்வேஜியன் ஆகிய கப்பல் கம்பெனிகள் தங்கள் நீச்சல் குளங்களுக்கு உயிர்காப்பாளர்களைப் போடப்போவதாக அறிவித்ததே 2017இல்தான். அதற்கு முன்னால் அந்தக் குளத்தங்கரையில் காவல் யார்? 'குடும்பமாக ஒன்றாக' உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த நாம்தான். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது. க்ளப்பிலோ ஆள் கணக்கு எடுக்கிறார்கள், கதவில் ஆள் நிற்கிறார், அழுகை நிற்கவில்லை என்றால் அம்மாவைத் தேடிச் செய்தி வருகிறது.

காலை ஒன்பதுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மூடும் நேரத்துக்கு மட்டும் தலைகாட்டுகிற பெற்றோர் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் கடற்கரைக்குப் போனாலும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். அவர்கள் குணத்துக்குக் கப்பல் என்ன செய்யும்?

மணி அடித்துவிட்டீர்கள், சரி. எதிரணியிலிருந்து கடைசியாகப் பேச வரும் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன். கிட்ஸ் க்ளப் பக்கமே போகாமல், கப்பலில் மூன்று நாளும் பிள்ளையைத் தன் பக்கத்திலேயே வைத்திருந்த ஒரே ஒரு குடும்பத்தை அவர் இந்த அரங்கில் எழுந்து நிற்கச் சொல்லட்டும். அந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளையின் கையில் அப்பாவின் போன் இருக்கவில்லை என்று அந்த அப்பாவே மைக்கில் சொல்லட்டும். வணக்கம்.