இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியும் வெளியேறாத கோல்கீப்பர்

வணக்கம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி இரவு, பிரான்சின் லீல் நகரத்தில், ஒரே கோல்கீப்பருக்கு நடுவர் இரண்டு முறை மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் ஒரு சிவப்பு என்பது, இங்கே புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடும் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதர் வெளியேறவில்லை. எதிரணியின் கடைசிப் பெனால்ட்டியையும் பாய்ந்து தடுத்து, தன் அணியை அரையிறுதிக்கு அனுப்பிவிட்டு, ஒரு நடனமும் ஆடினார். அது எப்படி நடந்தது என்பதை வீடியோவின் கடைசியில் சொல்கிறேன்; நடுவில் ஓட்டிவிட்டுக் கடைசிக்குத் தாவுகிறவர்கள், போகிற வழியில் சப்ஸ்கிரைப் பொத்தானையாவது அழுத்திவிட்டுப் போங்கள்.

அவர் பெயர் எமிலியானோ மார்ட்டினெஸ். அர்ஜென்டினாக்காரர், 1992இல் பிறந்தவர். செல்லப் பெயர் டீபு.

(திரையில்: மார் டெல் பிளாட்டா துறைமுகம்)

அவருடைய சொந்த ஊரான மார் டெல் பிளாட்டாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச அனுமதியுங்கள், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதுச்சேரியின் கடற்கரைச் சாலையையும் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தையும் எடுத்து ஒரே ஊருக்குள் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அந்த ஊர் வந்துவிடும். கோடை விடுமுறைக்குத் தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து 400 கிலோமீட்டர் பயணம் செய்து கூட்டம் கூட்டமாக வந்து காற்று வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். விடியற்காலையில் படகிலிருந்து மீன் இறக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். நம் ஊரைப் போலவே, முதல் பக்கத்தில் இருப்பவர்களின் படம்தான் சுற்றுலா விளம்பரத்தில் வரும். மார்ட்டினெஸின் தந்தை வேலை செய்தது இரண்டாவது பக்கத்தில்.

அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது லண்டனின் ஆர்சனல் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. போகாதே என்று வீட்டில் அழுதார்கள் என்றும், ஆனால் கட்டணங்களைக் கட்ட முடியாமல் இரவில் அப்பா தனியாக அழுததைத் தான் பார்த்திருந்ததால் சரி என்று சொல்லிவிட்டதாகவும், பிற்காலத்தில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிய கடலூர் மாவட்டத்து வீடுகளுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

2010இல் ஆர்சனலில் சேர்ந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் ஆர்சனலுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை என்று யூகித்துக் கமெண்ட்டில் எழுதிவிட்டு மேலே கேளுங்கள். வெறும் 38. ஆண்டுக்கு நான்குகூட வரவில்லை!

கோல்கீப்பரின் பிழைப்பில் உள்ள கொடுமை இதுதான். முன்கள வீரர் சோர்ந்தால் மாற்று வீரர் இறங்குவார். நடுக்கள வீரருக்குக் கால் பிசகினால் இன்னொருவருக்கு வாய்ப்பு. கோல் கம்பத்தின் கீழே நிற்கும் ஆளை மட்டும் யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள். அவருக்கு அடிபட வேண்டும், அல்லது அவர் வெளியேற்றப்பட வேண்டும். ஆக, இரண்டாவது கீப்பருக்கு விடியல் வருவதே முதல் கீப்பரின் அஸ்தமனத்தில்தான். ஷெஸ்னி, ஃபபியான்ஸ்கி, ஒஸ்பினா, செக், லெனோ என்று மார்ட்டினெஸுக்கு முன்னால் வரிசை மாறிக்கொண்டே இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்ச் மட்டும் மாறவில்லை. மன்னிக்கவும், அதுவும் மாறியது. ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ராதர்ஹாம், வுல்வர்ஹாம்ப்டன், ஸ்பெயினில் ஹெட்டாஃபே, பிறகு ரெடிங் என்று ஆறு கிளப்புகளுக்கு அவரைக் கைமாற்றாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். நம் தெருவில் கிரைண்டர்கூட இத்தனை வீடு போய் வந்திருக்காது.

நம் நாட்டுக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவும் 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்து, இதே போல் காத்திருந்து, 2016இல் ஐரோப்பிய கிளப்புகளின் யூரோப்பா லீக் போட்டியின் தகுதிச் சுற்றில் ஆடிய முதல் இந்தியரானார். அவருக்குத் தனி வீடியோ தேவை. இங்கே ஒரு வரியில் முடிப்பது எனக்கே உறுத்துகிறது.

2020 ஜூன் 20 அன்று பிரைட்டன் அணியுடனான ஆட்டத்தில் லெனோவுக்கு முழங்காலில் அடிபட்டது. மார்ட்டினெஸ் இறங்கினார். ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் செல்சியை வென்ற பிறகு மைதானத்திலேயே அழுதார். பத்து ஆண்டுக் காத்திருப்புக்கு விடை ஆறே வாரத்தில் வந்துவிட்டது. அதன் பிறகும் முதல் கீப்பர் என்ற உறுதி கிடைக்காததால், செப்டம்பரில் ஆஸ்டன் வில்லா என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப்புக்கு மாறி, முதல் ஆட்டத்திலேயே ஒரு பெனால்ட்டியைத் தடுத்தார்.

அர்ஜென்டினா அணிக்காக அவர் முதன்முதலில் ஆடியது 2021 ஜூனில், 28 வயதில். அடுத்த மாதமே தென் அமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்கா போட்டியின் அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்ட்டிகளைத் தடுத்தார். கொரோனாவால் அரங்கம் காலியாக இருந்ததால், பந்தை உதைக்க வந்தவரிடம் “உன்னைத் தின்றுவிடுவேன்” என்று அவர் சொன்னது மைக்கில் தெளிவாகப் பதிவாகி உலகமே கேட்டது. பத்து ஆண்டுகள் பேச ஆளில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சேர்த்து வைத்துப் பேசுகிறார் என்பது என் சொந்தக் கருத்து.

(திரையில்: 2022 டிசம்பர் 18, லுசைல், கத்தார்)

உலகக் கோப்பை இறுதிப்போட்டி, அர்ஜென்டினாவும் பிரான்சும். எங்கள் தெருவில் அன்று ஒரு புரொஜெக்டரும் ஒரு வெள்ளை வேட்டியும்தான் அரங்கம். எதிர்வீட்டுச் சொல்தா தாத்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர், வயிற்றில் இறுக்கிப் பிடித்த நீலச் சட்டையுடன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கூடுதல் நேரத்தின் இறுதியில், ஏறத்தாழ 123ஆவது நிமிடத்தில், பிரான்சின் கோலோ முவானி தன்னந்தனியாகக் கோல் நோக்கி வந்தபோது தாத்தா எழுந்து நின்றே விட்டார். மார்ட்டினெஸ் கையைக் காலை விரித்துப் பாய்ந்தார். பந்து இடது காலில் பட்டுத் தெறித்தது. வேட்டி காற்றில் ஆடியதில் எங்களில் பாதிப்பேர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஆட்டம் சமனில் முடிந்தது. பிறகு ஷூட் அவுட், அதாவது வெற்றியை முடிவு செய்ய இரு அணியும் மாறி மாறி உதைக்கும் பெனால்ட்டி. 11 மீட்டர் தூரம், 7.32 மீட்டர் அகலக் கோல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அரை நொடிகூட வேண்டாம். பார்த்த பிறகு பாய்வதற்கு அவகாசம் இல்லாததால், உதைப்பவரின் மனத்தைக் கலைக்கிற வேலையை மார்ட்டினெஸ் முன்னதாகவே தொடங்கிவிடுவார். பிரான்சின் கோமானின் உதையைத் தடுத்தார். அடுத்து வந்த சுவாமெனி பந்தை எடுக்கும் முன் மார்ட்டினெஸ் அதைத் தூரமாக எறிந்துவிட்டார். சுவாமெனி நடந்து போய் எடுத்து வந்து, வெளியே அடித்தார். அர்ஜென்டினா 4-2.

உதைப்பவரை நியாயமற்ற முறையில் திசைதிருப்பக் கூடாது என்ற வாசகம் 2023இல் கால்பந்து விதிகளில் சேர்ந்தது. பத்திரிகைகள் அதை மார்ட்டினெஸோடு சேர்த்தே எழுதின. ஒருவரைக் கட்டுப்படுத்தச் சட்டப் புத்தகத்தையே திருத்துவதைவிடப் பெரிய விருது உண்டா என்று எனக்குத் தோன்றும்.

இப்போது லீல். ஐரோப்பிய கிளப்புகளின் கான்பரன்ஸ் லீக் காலிறுதி, ஆஸ்டன் வில்லாவும் லீல் அணியும். உலகக் கோப்பை இறுதிப்போட்டியை மறக்காத பிரெஞ்சு ரசிகர்கள் அவர் பந்தைத் தொட்ட போதெல்லாம் கூச்சலிட்டார்கள். நேரத்தை இழுத்ததற்காக ஆட்டத்தின் நடுவே முதல் மஞ்சள். ஷூட் அவுட்டில் ரசிகர்களை நோக்கி வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டியதற்காக இரண்டாவது மஞ்சள். லீல் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆனால் ஆட்டம் முடிந்து ஷூட் அவுட் தொடங்கும்போது, ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டைகள் அங்கே கணக்கில் சேர்வதில்லை என்பதுதான் விதி. ஷூட் அவுட்டுக்குள் அவர் வாங்கியது ஒன்றே ஒன்று. நின்றார், லீலின் ஆந்த்ரேயின் உதையைத் தடுத்தார், வில்லா வென்றது.

மறுநாள் காலை இந்த விதியைத் தாத்தாவிடம் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டு இரண்டு முறை படித்தார். “தம்பி, இது அவனுக்காகவே எழுதினது” என்று சொல்லிவிட்டு, பாகெத் ரொட்டி வாங்கக் கிளம்பிவிட்டார்.