இஞ்சினை அரை அங்குலம் தூக்கிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. என் தொழில் படகு இஞ்சின் திருத்துவது. திருகோணமலைக் கரையில் இருபத்தைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு ஒன்று உண்டு: "அண்ணே, இழுவை காணாது."

அப்படிச் சொல்கிறவர் மனதில் ஏற்கனவே ஒரு முடிவு இருக்கும். கார்பரேட்டரைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புரொப்பல்லரை மாற்ற வேண்டும், அதுவும் சரிவராவிட்டால் 25 குதிரைவலுவை விற்றுவிட்டு 40 வாங்க வேண்டும். நான் இப்போதெல்லாம் இஞ்சின் மூடியைக் கழற்றும் முன் படகைப் பார்க்கக் கரைக்குப் போகிறேன். கிண்ணியாத் தம்பி ஒருவரின் படகுதான் எனக்கு இந்தப் பழக்கத்தைத் தந்தது.

அவருடையது பைபர் படகு, மண்ணெண்ணெயில் ஓடும் 25 குதிரைவலு இஞ்சின். இரண்டு தடவை கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தேன். மூன்றாவது தடவையும் வந்து நின்றார். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய 2022 ஆகஸ்ட்டுக்குப் பிந்திய காலம் அது. கடலுக்குப் போய்வர எண்ணெய்க் காசே மிஞ்சவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அன்றைக்குத்தான் அவரோடு போய், மணலில் ஏற்றி வைத்திருந்த படகைக் குனிந்து பார்த்தேன்.

நீங்களும் அப்படியே பாருங்கள். புரொப்பல்லருக்கு மேலே, மீன் செட்டை மாதிரித் தட்டையாக ஒரு தகடு பின்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நேரான சட்டம் ஒன்றை எடுத்துப் படகின் அடியில், நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டையான ஏராவோடு ஒட்டிப் பிடியுங்கள். சட்டம் பின்னால் நீண்டு அந்தத் தகட்டின் பக்கம் வரும். தகடு சட்டத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது. ஒரு அங்குலம் மேலே இருந்தாலும் பெரும்பாலான படகுகளுக்குப் பொருந்தும். அந்தத் தம்பியின் படகில் தகடு ஒரு அங்குலம் கீழே கிடந்தது.

ஒரு அங்குலம் என்ன பெரிதா என்று நினைக்கலாம். ஓடும் வேகத்தில் தண்ணீர் கல் மாதிரி. தேவைக்கு மேல் இறங்கி நிற்கும் ஒவ்வொரு அங்குலமும் அதைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அதற்கும் எண்ணெய்தான் எரிகிறது. படகின் பின்புறமான கடையாரில் தண்ணீர் சீறி எழுந்து இஞ்சின் மேலேயே அடிக்கும், சுக்கான் கைபிடி கனக்கும். இதெல்லாம் இஞ்சின் தாழ்ந்து கிடப்பதன் அடையாளம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் இஞ்சின் காலில் கட்டையும் உண்டு, நெட்டையும் உண்டு. இஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரம் 15 அங்குலமென்றால் கட்டைக் கால், 20 அங்குலமென்றால் நெட்டைக் கால். 15 அங்குலப் பலகையில் நெட்டைக் காலை மாட்டினால் ஐந்து அங்குலம் வீணாகத் தண்ணீருக்குள் இழுபடும். பழைய படகில் கழற்றிய இஞ்சினைப் புதுப் படகில் அப்படியே தூக்கி வைக்கிறவர்கள் பலகையை அளந்து பார்ப்பது குறைவு.

சரி, எப்படி உயர்த்துவது? போல்ட் போட்டு இறுக்கும் பெரிய இஞ்சின் என்றால் மாட்டும் துவாரங்கள் மேலும் கீழுமாக வரிசையில் இருக்கும். ஒரு துவாரம் மாற்றினால் ஏறக்குறைய முக்கால் அங்குலம். நம் சிறிய இஞ்சின்களுக்கு, பின்பலகையின் மேல் விளிம்பில் அரை அங்குலக் கனத்தில் கெட்டியான மரத்துண்டு வைத்து, அதன்மேல் இஞ்சினை உட்கார வைத்தால் போதும். ஒரு தடவைக்கு அரை அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். இறுக்கும் திருகுகள் இரண்டும் மரத்துண்டிலல்ல, பின்பலகையில்தான் முழுதாகப் பதிய வேண்டும். துண்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் திருகுக்குப் பிடி இருக்காது, ஓடுகிற ஓட்டத்தில் இஞ்சின் கடலுக்குள் போய்விடும். எப்படியும் ஒரு கயிறோ சங்கிலியோ போட்டுப் படகோடு கட்டி வையுங்கள்.

அந்தப் படகில் ஒவ்வொரு துண்டாக வைத்து ஓடிப் பார்த்தோம். உள்துறைமுகம், காலை நேரம், தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். தகடு அடிமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே வந்தபோது படகு வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். கொட்டியாரக் குடாவைத் தாண்டி வெளிக்கடலில் தென்மேற்குக் கச்சான் காற்று அடித்திருக்கிறது. அலை முதுகில் கடையார் தூக்கும்போதெல்லாம் இஞ்சின் ஓவென்று கத்துகிறது, படகு நகரவில்லை. பிழை என்னுடையது. புரொப்பல்லர் மேற்பரப்புக்குக் கிட்ட வந்தால் மேலிருந்து காற்றை உறிஞ்சும். காற்றைச் சுற்றிக்கொண்டு அது எதைத் தள்ளும்? அந்தக் காற்றைத் தடுக்கத்தான் அந்தத் தகடே இருக்கிறது. குளம் போன்ற தண்ணீரில் நான் வைத்த உயரம், அலைக்கடலுக்கு அதிகமாகிவிட்டது. அரை அங்குலம் இறக்கினோம். சத்தம் நின்றது, எண்ணெய்ச் செலவும் முன்னையதைவிடக் குறைவு.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வெறும் படகில், துறைமுகத்துக்குள் ஓடிப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். வலை, ஐஸ், ஆட்கள் எல்லாம் ஏற்றி, நீங்கள் வழக்கமாகப் போகும் கடலில் ஓடிப் பாருங்கள். கையில் உள்ள ஜிபிஎஸ்ஸில் வேகத்தைப் பாருங்கள். நீரோட்டம் ஏமாற்றும், போகும்போதும் வரும்போதும் பாருங்கள். வளைவில் திருப்பிப் பாருங்கள், அங்கேதான் காற்று முதலில் புகும்.

உயர்த்திய பிறகு கட்டாயம் கவனிக்க வேண்டியது, இஞ்சினின் பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர். குளிரவைக்கும் நீரை இழுக்கும் துவாரம் காலில், அந்தத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அது காற்றுப் பட்டால் பம்பின் ரப்பர் இறக்கை காய்ந்து கருகும், பிறகு இஞ்சினே சூடேறி இறுகி நின்றுவிடும். பீய்ச்சல் மெலிந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ உடனே வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்புங்கள், இஞ்சினைக் கீழே இறக்குங்கள்.

அப்புறம், நம் ஆட்கள் மாலையில் இஞ்சினைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், விடியுமுன் இருட்டில் திரும்ப மாட்டுகிறார்கள். மரத்துண்டு மணலில் விழுந்தால் தெரியாது. அதைப் பலகையோடு சேர்த்து பைபர் போட்டு ஒட்டிவிடுங்கள். இஞ்சின் நடுவில் உட்காரும் இடத்துக்கு வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுங்கள். அந்தத் தம்பியின் படகில் அந்தக் கோட்டை நான்தான் இழுத்தேன்.