வெள்ளை யானைக்குத் தீனி யார் போடுவது?

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியக் கவுன்சிலர் அவர்களே, வரவேற்புரையிலேயே பாதி நேரத்தை எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு வாங்க மாட்டேன் என்று சொன்ன அன்பரே, பிள்ளைகளே, பெற்றோர்களே, வணக்கம்.

‘வெள்ளை யானை’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசப் போகிறேன். பயன் இல்லாமல் செலவு மட்டும் வைக்கிற பொருளுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது, அரசாங்கத் திட்டங்களில் அது எங்கே நிற்கிறது, நம் வீட்டில் எங்கே கட்டிக் கிடக்கிறது.

சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தில், வெளிர்நிற யானை கிடைத்தால் அது அரசனுக்குச் சொந்தம். புனிதமானது, வேலை வாங்கக் கூடாது. தனக்கு ஆகாத பிரபுவுக்கு ராஜா அதைப் பரிசாக அனுப்பிவிடுவாராம். விற்க முடியாது, விரட்ட முடியாது, தீனி போட்டே அவன் ஓட்டாண்டி ஆவான். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா? கதை நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. 1563இல் பர்மா மன்னர் பயின்னௌங் இரண்டு வெள்ளை யானை கேட்டு, அன்றைய சயாம் ராஜ்யமான அயுத்தயா கொடுக்க மறுத்ததால் படையெடுத்துப் போனார். அவ்வளவு ஆசைப்பட்ட பொருளைப் பிடிக்காதவனுக்கா தூக்கிக் கொடுப்பார்கள்?

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். 1861. சயாம் மன்னர் மோங்குட், அமெரிக்காவில் யானையே இல்லை என்று கேள்விப்பட்டு, ‘இளம் யானைகளை ஜோடி ஜோடியாக அனுப்பட்டுமா? காட்டில் விட்டால் பெருகுமே’ என்று ஜனாதிபதிக்குக் கடிதம் போட்டார். வெள்ளை யானை இல்லை, சாதா யானைதான். கடிதம் போய்ச் சேர்வதற்குள் ஜனாதிபதியே மாறிவிட்டார்! பதில் எழுதியவர் லிங்கன். 1862 பிப்ரவரியில், ‘எங்கள் நாட்டுச் சீதோஷ்ணம் யானைக்குச் சரிப்படாது, எங்களுக்கு நீராவி இயந்திரம் போதும்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மேளதாளத்தோடு இறக்கி, மாலை போட்டு, போட்டோ எடுத்து, மறுநாள் வைக்கோலுக்கு வசூலுக்குக் கிளம்பியிருப்போம்.

சிரிக்கிறீர்கள். ஆனால் மோங்குட்டை நான் கும்பிடுகிறேன். கப்பல் நிறைய வைக்கோல், நல்ல தண்ணீருக்குத் தொட்டி, நிற்பதற்குக் கொட்டில், இறங்கியதும் குளிர் படாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார். கொடுக்கிறவர் தீனியையும் யோசித்தார் பாருங்கள்!

இரண்டாவது விஷயம் அரசாங்கத் திட்டங்கள். கவுன்சிலர் அவர்கள் பக்கத்திலேயே இருப்பதால் அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

இதோ, மாலை போட்டு நிற்கிறதே, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். வழங்கிய புரவலர் ஐயாவுக்குக் கோடி நன்றி. ஆனால் இதன் அண்ணன் ஒருவர் ஏற்கெனவே சைக்கிள் ஷெட்டில் இருக்கிறார். ஃபில்டர் மாற்றக் காசில்லை. குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது. பிள்ளைகள் அதன் தலைமேல் சாப்பாட்டுப் பையை வைக்கிறார்கள். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா, சொல்லுங்கள்?

ஆகவே, போகிற மேடையிலெல்லாம் கேட்பதையே இங்கேயும் கேட்கிறேன். பள்ளிக்குப் பொருள் கொடுக்கிறவர்கள் மூன்று வருஷப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். விழாக் குழு இன்றைக்கே தீர்மானம் போடட்டும். மணி அடித்துவிட்டார்கள், மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. ரசீது புத்தகம் தலைமையாசிரியர் ஐயாவிடம் இருக்கிறது. புரவலர் ஐயா மேடையை விட்டு இறங்குவதற்குள் யாராவது ஒரு பேனா கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.