கல்லில் இருக்கிறதா, வாயில் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

பாழடைந்த கோயில், பாதியில் நின்ற கோயில், ஊர் மறந்த கோயில். இவற்றை ஒரு கார் பிடித்து, கூட ஒரு கைடையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்ப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கழுகுமலை, திருவாலீஸ்வரம், கொற்கை என்று மூன்று இடங்களை மனதில் வைத்து வந்திருக்கிறேன். பார்ப்போம், நேரம் எதுவரைக்கும் விடுகிறதோ.

நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குக் கோயில் சுற்றுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், பாபநாசத்தில் ஆரம்பித்துச் சேர்ந்தபூமங்கலம் வரைக்கும் நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து தோசை சுடுகிறவர்கள் நாம். சாமி கும்பிட அந்த வேகம் சரி. குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த வேனில் போகிறவன்தான். ஆனால் பாழடைந்த கோயிலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே தீபாராதனை கிடையாது, சுண்டல் கிடையாது, திருநீறு கொடுக்கக்கூட ஆள் இருக்காது. இறங்கின ஐந்தாவது நிமிடம் பிள்ளைகள் "போலாமாப்பா?" என்று கேட்கும். பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், செல்போனை எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் கூட ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். கைடு என்றதும் கூட்டத்துக்கு முன்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவரை நினைக்காதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒருவர், காலையிலிருந்து சாயங்காலம் வரை. வரலாறு படித்துவிட்டு இந்த வேலையில் இருக்கிற பையன்கள், பெண்கள் இப்போது நம் பக்கம் கிடைக்கிறார்கள். அவரிடம் போனிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கார் வாடகை வேறு, அவர் சம்பளம் வேறு என்று தெளிவாகக் கேளுங்கள். எத்தனை இடம் காட்டுவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். "ஏழு இடம் காட்டுறேன் சார்" என்று சொல்கிறவர் நல்ல மனிதராக இருக்கலாம். நம் வேலைக்கு அவர் ஆகாது. இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் கார் சீட்டைத்தான் பார்ப்பீர்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. நாள் முழுக்க நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டிய கேள்வி. கைடு எதைச் சொன்னாலும், மரியாதையாகவே கேளுங்கள்: "தம்பி, இது கல்லில் இருக்கிறதா, வாயில் இருக்கிறதா?" அதாவது கல்வெட்டில், சிற்பத்தில், உளி பட்ட இடத்தில் கண்ணால் காட்ட முடிந்த சங்கதியா, ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிற கதையா? இரண்டும் வேண்டும். எது எது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற கைடும் உண்டு. "வாயில்தான் சார், கல்லில் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கழுகுமலைக்குப் போவோம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் சாலையைப் பிடித்தால் வழியில் மானூர் வரும். இங்கே வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து நிறுத்துங்கள். கல்லும் வாயும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஊர் அது.

வாய்க் கதை உங்களுக்கே தெரியும். கருவூர்ச் சித்தர் நெல்லையப்பரைக் கூப்பிட்டார், பதில் வரவில்லை, கோபித்துக்கொண்டு மானூருக்கு நடந்துவிட்டார், சுவாமி பின்னாலேயே போய் அங்கே காட்சி கொடுத்தார். ஆவணி மூலத் திருவிழா இன்றைக்கும் அதற்காகத்தான் நடக்கிறது. இது வாயில் இருப்பது. நன்றாக இருக்கிறது, இருக்கட்டும்.

கல்லில் இருப்பது வேறு. மானூர்க் கோயில் மண்டபத்துத் தூணில் வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவில், ஒரு கல்வெட்டு. மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழமை. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், என்ன படித்திருக்க வேண்டும், நடத்தை எப்படி இருக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர்க் குடவோலையை நாடு முழுக்கப் பேசுகிறது, பேசட்டும். அதைச் சொல்கிற கல்வெட்டுகள் 919லும் 921லும் வெட்டியவை. நம் மானூர்த் தூண் அதற்கு நூறு ஆண்டுக்கும் மேல் மூத்தது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

அந்த விதிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் "அன்று, அன்று", அதாவது கூடாது கூடாது என்றே சொல்லித் தடுக்கிறவருக்கு ஐந்து காசு தண்டம். அவருக்கு ஒத்து ஊதுகிறவருக்கும் தண்டம் உண்டு.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், ஒரு தடவை எங்களோடு என் மனைவியின் பெரிய மாமா வந்தார். தங்கமான மனிதர், ஆனால் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் வேண்டாம்" என்பார். காரில் ஏறும்போதே, "கைடு எதுக்கு மாப்பிள்ளை, நமக்குத் தெரியாத கழுகுமலையா?" என்றார். தச்சநல்லூர் தாண்டினதும் ஏசி வேண்டாம். காபிக்கு நிறுத்தலாமா என்றால் வேண்டாம். மானூரில் இறங்கலாமா என்றால், "நெல்லையப்பரைப் பார்த்தாச்சு, இங்க என்ன இருக்கு, வேண்டாம்." பக்கத்தில் அத்தை, மாமா சொல்வதற்கெல்லாம் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஒரு வழியாக இறக்கிக் கூட்டிப்போனோம். கைடு தம்பி தூணுக்குப் பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தான். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி வரியாக எழுந்து வரும். மாவைப் பூசுவது, சாக்பீஸ் தேய்ப்பது, திருநீற்றை அப்புவது எல்லாம் கல்லுக்குக் கேடு, அது வேண்டாம். வட்டெழுத்து நமக்குப் படிக்க வராது. கல்வெட்டு வாசகத்தை இன்றைய தமிழ் எழுத்தில் அச்சிட்டுத் தம்பி தாளில் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு விதியாகச் சொல்லிக்கொண்டே வந்து, இந்த ஐந்து காசு விதியைச் சொன்னான்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். என் மனைவி, "மாமா, காலையில இருந்து கணக்குப் பார்த்தா நீங்க பெரிய பாக்கி வச்சிருக்கீங்க" என்றாள். மாமா, "அதெல்லாம் கிடையாது" என்றார். "இன்னும் அஞ்சு காசு!" என்று பிள்ளைகள் கத்தின. அத்தை சிரிக்க, "ஒத்து ஊதுனவங்களுக்கும் உண்டு அத்தை" என்றான் என் பையன். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க மாமா "வே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார். கழுகுமலையில் அந்தத் தம்பியிடம், "ஏம்ப்பா, இது கல்லில் இருக்கா, வாயில் இருக்கா?" என்று எல்லோருக்கும் முந்திக் கேட்டதும் அவர்தான்.

கல்வெட்டு என்றால் அரசன் புகழைப் பாடுகிற மெய்க்கீர்த்தியும் ஆடு மாடு தானமும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். கூட்டத்தைக் குலைக்கிறவனை என்ன செய்வது என்று யோசித்த ஊரும் அதில் இருக்கிறது. இதைக் காட்டுகிற கைடுக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

சங்கரன்கோவில் போய்க் கோவில்பட்டி சாலையில் திரும்பினால் கழுகுமலை. காலை வெயில் ஏறுவதற்குள் மலையில் இருக்கப் பாருங்கள். மொட்டைப் பாறை, பத்து மணிக்கு மேல் அடுப்புக் கல் மாதிரி சுடும். கீழே முருகன் குடைவரையில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிற கூட்டம் பெரிது. மேலே ஏறுங்கள். அங்கேதான் வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையை மூன்று பக்கம் அகழ்ந்து, நடுவில் விட்ட ஒற்றைக் கல்லையே கோயிலாக்கியிருக்கிறார்கள். பாதியில் நின்றுபோனது.

ஏன் நின்றது? இங்கே ஒவ்வொரு கைடும் அப்பன் சிற்பி, மகன் சிற்பி கதையை எடுப்பார். இருவருக்கும் போட்டி, மகனின் உளிச் சத்தம் அப்பன் காதில் விழுந்தது, பொறாமை, கொலை, வேலை நின்றது. கேட்க நன்றாக இருக்கும், சிலர் கண்ணில் தண்ணீரே வரவழைத்துவிடுவார்கள். கேளுங்கள். முடிந்ததும் நம் கேள்வியைப் போடுங்கள். வாயில்தான்.

கல்லில் இருப்பது அதைவிடப் பெரிய கதை. சாதாரணக் கோயிலைக் கீழே அடித்தளத்திலிருந்து மேலே கட்டிக்கொண்டு போவோம். இது தலைகீழ். சிகரத்தை முதலில் முடித்து, அதற்குக் கீழ் கழுத்து, அதற்குக் கீழ் பூதகணங்கள், இப்படி மேலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். நிற்கிற பாறையே சாரம். தப்பாக ஒரு மூக்கை உடைத்தால் வேறு கல் வைக்க முடியாது. அதனால்தான் மேல் பாகம் மெருகாக இருக்கிறது, கீழே வர வர முரடு, அடிப்பாகத்தில் பாறை பாறையாகவே கிடக்கிறது. முடித்திருந்தால் உளித் தடத்தை எல்லாம் தேய்த்து மறைத்திருப்பார்கள். முடிக்காததால் வேலை நடந்த வரிசை அப்படியே நம் கண்ணுக்குக் கிடைக்கிறது. கைடிடம் சிகரத்தைக் காட்டச் சொல்வதைவிட, "வேலை நின்ற இடம் எது, காட்டு" என்று கேளுங்கள். தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆலமரத்தடியில் மௌனமாக இருக்கிறவரைத்தானே நமக்குத் தெரியும்? இங்கே தாளம் போடுகிறார். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் அப்புறம் "போலாமா" வராது.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பாறை முகப்பில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். பலருக்கும் கீழே வட்டெழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி. செய்வித்தவர்களில் பெண் துறவிகளும் உண்டு, குரத்தியார் என்று எழுதியிருக்கிறார்கள். திருச்சாரணத்துக் குரத்தியார் பெயர் இருக்கிறது. திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. காரும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் அங்கேயும் இங்கேயும் போக்குவரத்து இருந்திருக்கிறது. கழுகுமலையை அரைமலை என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஒரு பெயர், ஒரு ஊர், அவ்வளவுதான் அந்த வரி. அரசனைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்த மனிதர்கள் இந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறார்கள். அதன் மேல்தான் நம் ஆட்கள் காதலியின் பெயரைக் கிறுக்குகிறார்கள். தொல்லியல் துறை பாதுகாத்தாலும் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு காவலர் போட முடியுமா? இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்கள்.

நேரம் ஆகிறது என்று சைகை வருகிறது. திருவாலீஸ்வரத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், திசை வேறு. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம், அங்கிருந்து பிரம்மதேசம் பக்கம். சோழர் இந்தப் பக்கம் ஆண்ட காலத்தில், மூன்று கை மகாசேனை என்ற படைப்பிரிவு இந்தக் கோயிலையும் அதன் சொத்தையும் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது என்று கல்வெட்டு சொல்கிறது. கல்லில் இருக்கிறது, வாயில் இல்லை. விமானத்தில் சிவனின் பல கோலங்களைச் சிறிது சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள், கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பாருங்கள். இது மாதிரி இடங்களில் நடை சாத்தியிருக்கலாம். அர்ச்சகருக்கு முதல் நாளே போன் போடச் சொல்லி கைடிடம் சொல்லிவிடுங்கள். உள்ளூர்க் கைடு ஒருவர் இருப்பதன் பாதி லாபம் அதுதான்.

கொற்கைக்கு நேரமே இல்லை. பாண்டியர் முத்துத் துறைமுகம், இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, ஏரல் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயிலையும், அந்தப் பெரிய வன்னி மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். மரத்தின் வயதைப் பற்றிச் சொன்னால், என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று விட்டுப்போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு டிரைவரையும் கைடையும் உங்களோடு ஒரே மேசையில் உட்காரவையுங்கள், பில் உங்களுடையது. வணக்கம்.